ஊர் அறிவோம்: வாகரை

சகோதரிகளே, மட்டக்களப்பு மாவட்டத்தின் வட அந்தத்தில் இருக்கிறது வாகரை. கிழக்கே கடல், மேற்கே களப்பு, இடையில் ஒடுங்கிய மணல் தரை. வடக்கே வெருகல் ஆற்றைக் கடந்தால் திருகோணமலை மாவட்டம்.

அயலூர்ப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: பனிச்சங்கேணி, மாங்கேணி, காயான்கேணி, புச்சாக்கேணி. எல்லாம் கேணிதான்! சுற்றிலும் உப்புநீர் உள்ள மண்ணில் நல்ல தண்ணீர் ஊறும் இடமே குடியிருக்கும் இடம். மணலில் இறங்கும் மழைநீர் உப்புநீருக்கு மேலே மெல்லிய படையாகத் தங்கும். அளவோடு அள்ளினால் இனிக்கும். இயந்திரம் வைத்து அதிகம் இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலே வரும். பனிச்சையும் வெறும் பெயரல்ல. அதன் காய்ச்சாற்றில் தோய்த்துத்தான் முன்பு நூல் வலைகளை உறுதியாக்கினார்கள். நைலோன் வந்தபின் அந்த வேலை போய்விட்டது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது. 2006 நவம்பர் 8 இல் கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சமிருந்தோர் மீது எறிகணைகள் வீழ்ந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2007 ஜனவரிக்குள் ஊர்கள் வெறுமையாகின. அவ்வாண்டிலேயே மீள்குடியேற்றம் தொடங்கியது.

காணி உறுதி தொலைந்த வீடுகளில் பழைய கிணறும் அதனருகே நின்ற மரமும் எல்லையை நினைவூட்டும். அவை எங்கே நின்றன என்று அம்மம்மாவிடம் கேட்டு, பிள்ளைகளைக் கொண்டு ஒரு கொப்பியில் எழுதுவித்து வையுங்கள்.