விமானத்துக்கு ரெண்டாவது பம்ப் வெட்டிச் செலவா?

சாலவாக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் தானாக இறங்கும், கிணற்றுத் தண்ணீருக்கு மோட்டார் வேண்டும். சின்ன விமானமும் அப்படித்தான் மக்களே! செஸ்னா 152-க்கு இறக்கை மேலே. அதிலுள்ள டேங்கிலிருந்து பெட்ரோல் தானாக இறங்கிவிடும். பைப்பர் செரோக்கிக்கு இறக்கை கீழே. அதனால் எஞ்சினே ஓட்டும் பம்ப் ஒன்று; அது நின்றால் கைகொடுக்க கரண்ட் பம்ப் இன்னொன்று.

'ரெண்டாவது பம்ப் வெட்டிச் செலவு, வீண் எடை' என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். மேலே கிளம்பி முன்னூறு அடியில் பம்ப் நின்றால், மிச்சம் பிடித்த காசை எந்தப் பேரேட்டில் எழுதுவார்களாம்?

இன்னொரு கூட்டம் பம்பை வாங்கி, பழைய லைனிலேயே மாட்டிவிட்டு 'டபுள் சேஃப்டி' என்கிறது. இது அதைவிட மோசம். பெங்களூர் என்.ஏ.எல். உருவாக்கிய ஹன்சா-3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ரோட்டாக்ஸ் 914 எஞ்சினுக்கு ரெண்டுமே கரண்ட் பம்ப்தான். அங்கே ரெண்டுக்கும் ஒரே லைன் கொடுத்தால் என்ன ஆகும்? ஒரே ஃப்யூஸில் ரெண்டு மோட்டார் ஓட்டும் விவசாயிக்குத் தெரியும். ஃப்யூஸ் போனால் ரெண்டும் நிற்கும். அவருக்கு ஒரு வேளைப் பாசனம்தான் போகும். விமானிக்கு?

ரெண்டாவது பம்ப் கட்டாயம் வேண்டும். தனி வயர், தனி ஃப்யூஸ், தனி சுவிட்ச்சோடு வேண்டும். இல்லையென்றால் அது பம்ப் இல்லை, வெறும் அலங்காரம்!