கோழையின் தலையில் கௌபாய் தொப்பி

காமெடிப் படம் என்றால் மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்க்க வேண்டியது என்று சொல்லும் ஒரு கட்சி எங்கள் வகுப்பில் உண்டு. நான் எதிர்க்கட்சி. அதிலும் கௌபாய் படங்களைக் கிண்டலடிக்கும் ஹாலிவுட் காமெடிகள் என்றால் கேண்டீன் மூடும்வரை வாதாடுவேன். பழைய வெஸ்டர்ன் ஹீரோவை இந்தப் படங்கள் சிரித்துச் சிரித்தே கொன்றுவிட்டன என்பார்கள். என்னைக் கேட்டால், அவர் இன்னும் உயிரோடு இருப்பதே இந்தப் படங்களில்தான்.

அந்தப் பழைய ஹீரோ யார்? எங்கிருந்தோ குதிரையில் வருவார். அதிகம் பேச மாட்டார். ஊருக்கு ஒரு கஷ்டம் இருக்கும், துப்பாக்கியால் தீர்த்து வைப்பார். ஊர் நன்றி சொல்வதற்குள் கிளம்பிவிடுவார். 1953ல் வந்த 'ஷேன்' அப்படித்தான். 1952ல் வந்த 'ஹை நூன்' படத்தில் கேரி கூப்பர் ஒரு சின்ன ஊரின் மார்ஷல். பழி வாங்க வரும் ரவுடி மதிய ரயிலில் இறங்கப் போகிறான். கூப்பர் சர்ச் வரை போய் உதவி கேட்கிறார். கடைசி நேரத்தில் திரும்பி வரும் மனைவியைத் தவிர ஒருவரும் துணைக்கு நிற்கவில்லை. ஜெயித்த பிறகு பேட்ஜைக் கழற்றி மண்ணில் வீசிவிட்டுப் போய்விடுகிறார்.

இப்படி ஒருவரை இன்று சீரியஸாகக் காட்டினால் நம்ப முடியவில்லை. அந்தக் காலப் படங்கள் பலவற்றில் அமெரிக்கப் பூர்வகுடிகள் சுடப்படுவதற்காகவே வந்து போனார்கள் என்பதும் நமக்குத் தெரிந்துவிட்டது. காமெடிப் படங்கள் என்ன செய்தன? அந்த ஹீரோவின் தொப்பியை எடுத்து ஒரு கோழையின் தலையில் வைத்தன.

1986ல் வந்த 'த்ரீ அமிகோஸ்' பாருங்கள். மூன்று பேரும் மௌனப் பட நடிகர்கள். ஸ்டூடியோ அவர்களை வேலையை விட்டுத் துரத்திவிட்டது. கொள்ளைக்காரர்களிடம் மாட்டிக்கொண்ட ஒரு மெக்சிகோ கிராமத்துப் பெண் இவர்கள் படத்தைப் பார்த்து, நிஜ வீரர்கள் என்று நம்பித் தந்தி அடிக்கிறாள். இவர்களோ ஏதோ ஷோவுக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து வருகிறார்கள். கையில் நிஜக் குண்டு பாய்ந்த பிறகுதான் விஷயம் புரிகிறது. அழுகிறார்கள், அவமானப்பட்டு ஊரை விட்டுப் போகிறார்கள். அப்புறம் திரும்பி வருகிறார்கள். ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த ஒரே தொழில் தையல். எனவே ஊருக்கே அமிகோஸ் உடை தைத்துப் போட்டுக் கொள்ளைக்காரர்களைக் குழப்புகிறார்கள். கூப்பருக்குத் துணை வராத ஊர் இங்கே வந்து நிற்கிறது!

2011ல் வந்த 'ராங்கோ'வும் இதே கதைதான். வீட்டில் வளர்ந்த பச்சோந்தி ஒன்று, ஒரே தோட்டாவில் ஏழு பேரைக் கொன்றதாகப் புளுகி, தண்ணீர் இல்லாத ஊருக்கு ஷெரீஃப் ஆகிறது. ஊரார் முன்னால் குட்டு உடைந்து வெளியேறியும் விடுகிறது. திரும்பி வரவேண்டும் என்று கட்டாயம் ஏதும் இல்லை. ஆனாலும் வருகிறது.

'ப்ளேசிங் சாடில்ஸ்' (1974) ஹீரோவைக் கிழித்துத் தொங்கவிட்ட படம்தானே என்று எதிர்க்கட்சிக்கே எதிர்க்கட்சி ஒருவன் கேட்டான். மெல் ப்ரூக்ஸ் கிழித்தது ஹீரோவை இல்லை, ஊரை. வெள்ளையர்கள் மட்டும் வாழும் ஊருக்குக் கறுப்பின ஷெரீஃப் வருகிறார். வரவேற்க மாலையோடு நின்ற ஊர் அவர் நிறத்தைப் பார்த்ததும் துப்பாக்கி தூக்குகிறது. அந்த ஊரைத்தான் அவர் காப்பாற்றுகிறார். 'ஹை நூன்' கதைதானே இது?

நான் காமர்ஸ் மாணவன் என்பதால் இதைக் கணக்குப் புத்தகம் வழியாகச் சொல்கிறேன். பொருளைக் கொடுப்பதற்கு முன்பே வாடிக்கையாளர் தந்த அட்வான்ஸ் நம் கையில் பணமாகத்தான் இருக்கும். ஆனால் பேலன்ஸ் ஷீட்டில் அதைப் பொறுப்புகள் பக்கத்திலும் எழுத வேண்டும். பொருளைக் கொடுக்கும்வரை அது கடன். ஊர் வைக்கிற நம்பிக்கையும் அப்படி ஒரு அட்வான்ஸ். ஷேன் அந்தக் கடனைச் சுலபமாக அடைத்துவிடுவார், அவரிடம் சரக்கு இருக்கிறது. ராங்கோவிடம் ஒன்றுமே இல்லை. இருந்தும் அடைக்க வருகிறது பாருங்கள், எனக்கு அதுதான் பெரிய வீரம்.

இரண்டாம் வருடத்தில் கேண்டீனில் உட்கார்ந்துகொண்டு, 'யாருக்கு என்ன பிரச்சினை என்றாலும் சொல்லுங்கடா, துறைத்தலைவரிடம் நான் பேசுகிறேன்' என்று சும்மா அளந்துவிட்டேன். மறுநாள் காலை ஒரு நண்பன் வந்து நின்றான். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் பல நாள் வராததால், அவனுக்கு அட்டெண்டன்ஸ் குறைந்து பரீட்சை எழுத முடியாத நிலை. 'நீ பேசுறேன்னு சொன்னியேடா' என்றான். அந்த அறை வாசலில் என் கால் நடுங்கியது எனக்குத்தான் தெரியும். உள்ளே போய்ப் பாதி தமிழ், பாதி இங்கிலீஷில் உளறினேன். ஆஸ்பத்திரி சான்றிதழ் கொண்டுவர ஒரு வாரம் தந்தார்கள். அபராதம் கட்டியும் ஆக வேண்டியிருந்தது. ஆனால் அவன் பரீட்சை எழுதினான். அன்றைக்கு எனக்கு ஷேன் ஞாபகம் வரவில்லை. கை கால் உதறிய அந்த மூன்று நடிகர்கள்தான் வந்தார்கள்.

தமிழில் சிம்புதேவனின் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' (2010) கூட இதே விதையில் முளைத்ததுதான். ஒரு வீரனைப் போல இருக்கும் ஒருவனை அந்த வீரனாக நடிக்கக் கூட்டி வருகிறார்கள்.

பயமே இல்லாதவரைப் பார்த்துக் கைதட்டலாம். அவரைப் போல நாம் ஆகப் போவதில்லை. பயந்துகொண்டே திரும்பி வருபவரைப் போல நாம் ஒரு நாளாவது இருக்கலாம். அதனால்தான் அந்தத் தொப்பி கோழையின் தலையில் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

பார்க்காதவர்கள் 'ராங்கோ'வில் ஆரம்பியுங்கள். பார்த்துவிட்டு என்னோடு சண்டைக்கு வரலாம். மதியம் 12 மணிக்கு மட்டும் வேண்டாம், எனக்குக் காஸ்டிங் கிளாஸ் இருக்கிறது :)