சாமி வராத ஞாயிறுகள்



மீமிசல் பக்கத்துக் கிராமங்களில் யாரிடம் பேசினாலும் ஒரு மனக்குறை வெளியே வந்துவிடுகிறது. "எங்கள் ஊருக்கு மாதம் ஒரு ஞாயிறுதான் பூசை. மற்ற ஞாயிறுகளில் கோயில் பூட்டியே கிடக்கிறது." இதில் பங்குச் சாமியாரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாமியார் ஒருவர். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியும் உள்ளேயும் சிதறிக் கிடக்கும் கிளைக்கிராமங்களோ பல. ஞாயிற்றுக்கிழமைக்கு இருப்பது ஒரே ஒரு காலைப்பொழுது. அவர் வண்டியில் ஓடுகிற ஓட்டத்தில்தான் இத்தனை ஊர்களிலும் எப்போதாவது மணி அடிக்கிறது. என்னை உறுத்துவது வேறு. சாமி வராத ஞாயிறில் கோயிலைத் திறந்து, திருமறையை வாசித்து, ஊரைக் கூட்டிச் செபிக்க அந்த ஊரிலேயே ஓர் ஆள் இல்லாமல் போனது எப்படி?

ஏனென்றால் இந்தக் கரையில் சபைகள் வளர்ந்ததே அப்படிப்பட்ட ஆட்களால்தான்.

மீமிசலிலிருந்து தெற்கே சுந்தரபாண்டியன்பட்டினம் போய், அங்கிருந்து மேற்கே திரும்பினால் ஓரியூர். 1693 பிப்ரவரி 4 அன்று புனித அருளானந்தர் தலை வெட்டப்பட்ட பாம்பாற்றங்கரை. அந்தச் செம்மண்ணை நெற்றியில் இட்டுக்கொள்கிறோம், தாளில் மடித்து வீட்டுக்கு எடுத்துப் போகிறோம். அவர் 1647-ல் லிஸ்பனில் பிறந்தார் என்பதும், 1947-ல் புனிதர் பட்டம் பெற்றார் என்பதும் மறைக்கல்வி வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கே தெரியும். ஆனால் 1686-ல் மறவ நாட்டில் அவர் முதன்முறை பிடிபட்டபோது அவரோடு சேர்ந்து அடியும் உதையும் பட்டவர்கள் அவருடைய உபதேசியார்கள், அதாவது மறையைப் போதித்த பொதுநிலையினர். பிடித்தவர்கள் அவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்க்கவில்லை. சாமியாருக்கு என்ன தண்டனையோ அதுவே அவர்களுக்கும். மறவ நாட்டை ஆண்ட கிழவன் சேதுபதி அருளானந்தரை விடுவித்தபோது, இனி இந்த நாட்டில் போதிக்கக் கூடாது என்று கட்டளையிட்டே அனுப்பினார். அடுத்து அவர் ஐரோப்பாவுக்குப் போய் 1690-ல்தான் இந்தியா திரும்பினார். குரு நுழையவே தடை இருந்த அந்த ஆண்டுகளில் சிறு குழந்தைக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்தவரும், சாகக் கிடந்தவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரும், செத்தவரை அடக்கம் செய்தவரும் உள்ளூர் உபதேசியார்தான். ஓரியூர்த் திருவிழாவில் அவர்களையும் நினைத்து ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை.

இந்த ஏற்பாடு அருளானந்தர் காலத்தில் தொடங்கியதும் அல்ல. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் ஊர் ஊராக நடந்து, ஒவ்வோர் ஊரிலும் ஒரு கணக்கப்பிள்ளையை அமர்த்திவிட்டுத்தான் அடுத்த ஊருக்குப் போனார். காலையும் மாலையும் பிள்ளைகளைக் கூட்டிச் செபம் சொல்லிக்கொடுப்பது அந்தக் கணக்கப்பிள்ளையின் வேலை, அதற்குச் சம்பளமும் உண்டு. 1578-ல் அண்டிரிக் அடிகளார் தமிழெழுத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' மறைக்கல்விப் புத்தகம். தமிழின் அச்சு வரலாறே ஊர்ச் சபைக்குப் படித்துக் காட்ட ஒரு புத்தகம் வேண்டும் என்ற தேவையிலிருந்துதான் கிளம்பியது.

இவர்களையெல்லாம் எப்படிப் பயிற்றுவித்தார்கள்? இந்தக் கேள்விக்கு வீரமாமுனிவரிடம் போக வேண்டும். 'தேம்பாவணி' பாடியவர், 'சதுரகராதி' தொகுத்தவர், 'தொன்னூல் விளக்கம்' எழுதியவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். நம் புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூரிலும் அவர் கால் பட்டிருக்கிறது. அவர் 1727-ல் எழுதிய 'வேதியர் ஒழுக்கம்' என்ற நூலைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. அது முழுக்க முழுக்க உபதேசியார்களுக்காக எழுதப்பட்ட உரைநடை நூல். காவியம் செய்யும் திறமை உள்ள ஒருவர், கிராமம் கிராமமாக நடந்து திரியும் சாதாரண மனிதர்களுக்கு ஒரு கைநூல் தேவை என்று எண்ணி உட்கார்ந்து எழுதினாரே, அந்த அக்கறையை எண்ணி வியக்கிறேன். ஊரில் என்ன பேச வேண்டும், மறுத்துப் பேசுகிறவருக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதோடு நூலை முடித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. போதிக்கப் போகிறவன் எப்படி வாழ்கிறான், தன்னை எவ்வளவு அறிந்திருக்கிறான், யாருடைய வேலையைச் செய்கிறோம் என்று உணர்ந்திருக்கிறானா என்பதை முதலில் எடுத்துக்கொண்டார். இன்று ஒருநாள் கருத்தரங்கு நடத்தி, மதியம் பிரியாணி போட்டு, சாயங்காலம் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அந்த நாளில் சாப்பாடும் சான்றிதழும் இருக்கட்டும், தன் வாழ்க்கையைத் தானே எடுத்துப் பார்க்கப் பயிற்சிக்கு வந்தவருக்கு ஒரு மணி நேரமாவது கொடுத்தோமா?

அந்தப் பயிற்சி வீண்போகவில்லை என்பதற்குச் சான்று அடுத்த நூற்றாண்டில் கிடைக்கிறது. போர்த்துக்கல் அரசு 1759-ல் இயேசு சபையினரைத் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து வெளியேற்றியது. 1773-ல் திருத்தந்தை அந்தச் சபையையே கலைத்தார். மதுரை மறைப்பணித்தளத்துக்குப் புதிய குருக்கள் வருவது ஏறக்குறைய நின்றது. கோவாவிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த சிலர் தங்களால் முடிந்ததைச் செய்தார்கள். ஆனால் ஊர்களோ நூற்றுக்கணக்கில் இருந்தன. இயேசு சபையினர் 1838-ல் மீண்டும் மதுரைப் பக்கம் வந்தபோது சபைகள் அழிந்துபோயிருக்கவில்லை. தாத்தா சொன்ன செபத்தைப் பேரன் சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டு தலைமுறைக்கு மேல் விளக்கை அணையாமல் வைத்திருந்தவர்கள் உபதேசியாரும் கோயில்பிள்ளையும் செபம் சொல்லும் பாட்டிமார்களும்தான்.

இதே சோழமண்டலக் கரையில், வடக்கே தரங்கம்பாடியில், லுத்தரன் சபை வேறொரு வழியில் அதே இடத்துக்கு வந்தது. 1706-ல் மறைப்பணியாளர் சீகன்பால்கு வந்திறங்கினார். 1733 டிசம்பர் 28 அன்று ஆரோன் என்ற தமிழர் அந்தச் சபையின் முதல் இந்தியப் போதகராக அபிஷேகம் பெற்றார். அதற்கு முன் பல ஆண்டுகள் அவர் உபதேசியாராக நடந்து உழைத்தவர். அவருக்குக் கிராமம்தான் வகுப்பறை. அங்கே தேறிய பிறகே அங்கி கொடுத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த முறை இது.

ஆனால் அதே தரங்கம்பாடி வரலாற்றில் கண்ணைக் கலங்கவைக்கும் ஒரு பக்கமும் உண்டு. தஞ்சாவூர் அரசரின் படையில் சேவகராக இருந்த ராஜநாயக்கன், திருமறையைத் தானே படித்து உள்வாங்கி, தஞ்சைப் பகுதியில் அருமையான உபதேசியாராக விளங்கினார். அடுத்த போதகர் யார் என்று யோசித்தபோது அவர் பெயரும் எழுந்தது. அவர் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர், மற்றச் சாதியார் அவர் கையால் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்று தயங்கினார்கள். 1741-ல் அபிஷேகம் தியோகோ என்பவருக்குப் போனது. ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார். தலைவர்களைப் பயிற்றுவிப்பது பற்றி யார் பேசினாலும் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகக் கூடாது. நம் பங்குப்பேரவையிலும் சபைக் கமிட்டியிலும் வாசகம் வாசிக்க யாரைக் கூப்பிடுகிறோம், திருவிழாக் கணக்கு யார் கையில் இருக்கிறது, தேர் எந்தத் தெருவுக்குள் போகவில்லை என்று பார்த்தால் 1741 இன்னும் முடியவில்லை என்பது புரியும். ஒருவரை ஒதுக்கிவைத்துவிட்டு மற்றவர்களுக்கு எவ்வளவு நல்ல பயிற்சி கொடுத்தாலும் சபை பலப்படாது.

இன்று என்ன நிலை? உபதேசியார் என்ற ஆள் பல ஊர்களில் மெல்ல மறைந்துவிட்டார். சம்பளம் சொற்பம், பிள்ளைகள் படித்து வெளியூர் போய்விட்டார்கள், சாலையும் மோட்டார் சைக்கிளும் வந்ததும் சாமியாரே வந்துவிடலாம் என்ற எண்ணமும் வந்துவிட்டது. மீனவ ஊர்களில் ஆண்கள் கடலுக்குள் போய்விட, கோயில் காரியத்தைப் பெண்கள் இழுத்துக்கொண்டு போகிறார்கள். அன்பியக் கூட்டம் நடக்கும் வீடுகளில் எட்டிப் பாருங்கள். செபம் சொல்வதும் பாடுவதும் பெரும்பாலும் அவர்கள்தான். ஆனால் அவர்களை யாரும் முறைப்படி பயிற்றுவித்ததில்லை, முடிவெடுக்கும் இடத்தில் உட்காரவைத்ததும் குறைவு.

கத்தோலிக்கத் திருச்சபையில் இதற்குக் கதவு திறந்தே இருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-லேயே பொதுநிலையினர் பணி பற்றித் தனி ஏடு வெளியிட்டது. திருத்தந்தை பிரான்சிஸ் 2021 ஜனவரியில் வாசகர், பீடத்துணைவர் பணிகளைப் பெண்களுக்கும் உரியதாக்கினார். அதே ஆண்டு மே மாதம் மறைக்கல்வி ஆசிரியர் என்ற பொதுநிலைப் பணியை முறையாக ஏற்படுத்தினார். ஆக, ரோமாபுரியில் கையெழுத்தாகிவிட்டது. திண்டிவனத்தில் தமிழகத் திருச்சபையின் விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு நிலையம் இருக்கிறது. மற்றச் சபையாருக்கு 1969 முதல் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது. அங்கெல்லாம் இருக்கும் அறிவு மீமிசல் பக்கத்து ஒரு மீன் வியாபாரி அக்காவின் சனிக்கிழமை மாலைக்கு எட்ட வேண்டும். அவரால் திண்டிவனத்துக்குப் போய் ஒரு வாரம் தங்க முடியாது. பயிற்சிதான் அவரைத் தேடி வர வேண்டும்.

குருக்களுக்கும் ஒரு வார்த்தை, அன்போடு. குருமடத்தில் ஏறக்குறைய பத்தாண்டுகள் மெய்யியலும் இறையியலும் படித்து வருகிறீர்கள். இலத்தீன் சொல்லுக்கு வேர் தெரியும். ஊர்க் கூட்டத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தும்போது நடுவில் அமைதியாக உட்கார்ந்திருப்பது எப்படி, கோயில் கணக்கை ஊர் முன்னால் வாசித்துக் காட்டுவது எப்படி, தன் வேலையை இன்னொருவரிடம் நம்பி ஒப்படைப்பது எப்படி என்பது புத்தகத்தில் வராது. அதனால் என் யோசனை இது. குருவுக்குத் தனி வகுப்பு, உபதேசியாருக்குத் தனி வகுப்பு என்று பிரிக்காதீர்கள். ஒரே பாயில் உட்காரட்டும். திருமறை விளக்கத்தைக் குரு சொல்லட்டும், எந்த வீட்டில் என்ன சண்டை, எந்தப் பையன் குடிக்கத் தொடங்கியிருக்கிறான் என்பதை உபதேசியார் சொல்லட்டும். இருவரும் ஒருவரிடம் ஒருவர் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது.

நம் அக்கம்பக்கத்திலும் இதே கவலையைக் காண்கிறேன். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் போன்ற மதரஸாக்களில் ஓதி வந்த ஆலிம்கள் பள்ளிவாசல்களில் இருக்கிறார்கள். ஜமாஅத்தை நடத்தும் நிர்வாகிகளுக்கு அந்த வேலையைக் கற்றுத்தர எந்தக் கல்லூரியும் இல்லை என்று அங்குள்ள நண்பர்கள் வருந்துகிறார்கள். கோயில்களில் தேவாரம் ஓத ஆள் குறைகிறது என்பது ஆவுடையார்கோயில் பக்கத்துப் பெரியவர்களின் கவலை. இதைப் பற்றி மூன்று தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து பேசினாலே நல்லது.

அடுத்த இதழிலிருந்து 'எங்கள் ஊர் உபதேசியார்' என்ற பகுதியைத் தொடங்குகிறோம். உங்கள் ஊரில் இருந்த உபதேசியார், கோயில்பிள்ளை, செபம் சொன்ன பாட்டி, சபை மூப்பர், யாராக இருந்தாலும் எழுதுங்கள். அவர் எந்தக் காலத்தில் இருந்தார், யாரிடம் கற்றார், என்ன பாட்டுச் சொல்லிக்கொடுத்தார், ஊரில் எந்தச் சண்டையைத் தீர்த்துவைத்தார் என்ற விவரங்கள் வேண்டும். பழைய நோட்டுப் புத்தகமோ கையெழுத்துச் செபமோ வீட்டில் இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள், மூலத்தைப் பத்திரமாக உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். உயிரோடு இருப்பவர் என்றால் முதலில் அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். எழுத வராதவர்கள் பேரப்பிள்ளையிடம் சொல்லி எழுதச் சொல்லலாம். மாதத்தின் இருபதாம் தேதிக்குள் கிடைக்கும் கடிதங்கள் அடுத்த இதழிலேயே வரும்.

அன்புடன்,
ஆசிரியர்