திரையில் கூடும் கூட்டத்தில் முதலில் பேச வேண்டியவர் யார்?

சம்மாந்துறையில் அரிசி ஆலை, கல்முனையில் கடை, கொழும்பு புறக்கோட்டையில் மொத்த விற்பனை. நமது பிரதேசத்து வர்த்தகக் குடும்பங்கள் பலவற்றின் தொழில் இவ்வாறுதான் பிரிந்து கிடக்கிறது. முன்பெல்லாம் மூன்று இடத்தாரும் ஒன்றாக அமர்ந்து மஷூரா செய்வதாயின் யாராவது இரவு பஸ் ஏற வேண்டும். போக ஓரிரவு, வர ஓரிரவு, இடையில் ஒரு நாள் வியாபாரமும் போய்விடும்.

2020 இல் கொரோனா வந்து இந்தப் பழக்கத்தை மாற்றியது. அரச பல்கலைக்கழகங்கள் லேர்ன் வலையமைப்பின் ஊடாக ஸூமில் விரிவுரைகளை நடத்தின. ஒலுவிலில் தலைமை வளாகத்தையும் சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடத்தையும் கொண்ட நமது தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இதில் அடங்கும். வீட்டிலிருந்து படித்த பிள்ளைகளே வாப்பாமாருக்கும் ஸூமைப் போட்டுக் கொடுத்தார்கள். பின்னர் 2022 ஜூன் இறுதியிலிருந்து ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்றானபோது, தயங்கி நின்றவர்களும் திரைக்கு வந்தார்கள்.

வசதி வந்துவிட்டது. கூட்டம் நடத்தும் முறைதான் இன்னும் வரவில்லை.

இப்படியானதொரு கூட்டத்தில் நானும் ஒருமுறை இருந்தேன். கொழும்பில் முதலாளியும் நால்வரும் ஒரே மடிக்கணினியைச் சுற்றி அமர்ந்திருந்தார்கள். ஆலை முகாமையாளர் இங்கே தனியாக, கையில் தொலைபேசியோடு. நெல்லில் ஈரம் போகவில்லை, இப்போது அரைத்தால் உடைந்த அரிசி கூடும் என்று சொல்ல அவர் மூன்று முறை வாயெடுத்தார். அங்கிருந்தவர்கள் தமக்குள் பேசிக்கொண்டிருந்ததில் அது எவர் காதிலும் விழவில்லை. இலவச ஸூமின் 40 நிமிடம் முடிந்து திரை அணைந்தது. அதற்குள் வாடிக்கையாளருக்குத் திகதி கொடுத்தாயிற்று. சரக்கு அன்று போகவில்லை. பழி மட்டும் ஆலைக்கு வந்தது.

இதில் இயந்திரத்தின் குற்றம் எதுவுமில்லை. நமது 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் பங்குதாரர் கூட்டத்தை ஒலி மூலமாகவோ ஒலி, ஒளி மூலமாகவோ நடத்த இடமளிக்கிறது. பங்குபற்றும் எல்லோருக்கும் ஒருவர் பேசுவது மற்றவருக்கு ஒரே வேளையில் கேட்க வேண்டும் என்பதே அதன் நிபந்தனை. முகம் தெரிவதைவிடக் குரல் கேட்பதையே சட்டம் பெரிதாகக் கருதியிருக்கிறது. சின்னக் கடைக்கும் இந்த அளவுகோல் பொருந்தும்.

ஆகவே, ஒரே அறையில் ஐவர் இருந்தாலும் ஆளுக்கொரு தொலைபேசியில் இணைவது நல்லது. அப்போது தூரத்தில் இருப்பவரும் மற்றவர்களைப் போல ஒரு கட்டத்தில் தெரிவார். எதிரொலி வராதிருக்க இயர்போன் அவசியம். சிக்னல் பலவீனமானால் வீடியோவை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொள்ளலாம், டேட்டாவும் மிஞ்சும். பேச்சு ஆலையிலிருந்து தொடங்கட்டும், பிறகு கடை, கடைசியில் முதலாளி. முதலாளி முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டுவதோடு சரி, அதற்குக் கூட்டமே தேவையில்லை, ஒரு குறுஞ்செய்தி போதும். தீர்மானங்களை அன்றைக்கே எழுதி எல்லோருக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும்.

பங்கு பிரிப்பது, கூட்டாளி விலகுவது போன்ற விடயங்களுக்கு இன்றும் பஸ் ஏறத்தான் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். சகோதரர்களுக்கிடையே மனக்கசப்பு இருக்கும்போது, "கேட்கவில்லை, லைன் வெட்டுப்பட்டது" என்று சொல்லித் தப்பிக்கொள்ளத் திரை நல்ல வழியாகிவிடுகிறது.

ஆனால் மாதாந்தக் கணக்குக்கும் சரக்கு விபரத்துக்கும் திரையே போதும். அடுத்த கூட்டத்தை அந்த ஆலை முகாமையாளரே தொடங்கி வைக்கட்டும். முதலாளி பத்து நிமிடம் பிந்தி இணைந்தாலும் குறைவில்லை.