உபயப் பட்டியல் யாரோட போன்ல இருக்கு?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

இந்த வருஷத் திருவிழாவில் ஆறாம் நாள் நடந்தது பல பேருக்குத் தெரியாது. வருஷா வருஷம் அந்த நாள் உபயம் செய்யிற ஒரு பாட்டி, தேங்காய், பழம், மாலை எல்லாம் வாங்கிக்கிட்டுப் பேரப்பிள்ளையோட வந்துட்டாங்க. நோட்டீஸ்ல அவங்க குடும்பப் பேரே இல்ல. வேற குடும்பம் சங்கல்பத்துக்கு உட்கார்ந்திருக்கு. எங்களைத் திட்டியிருந்தாகூட மனசு ஆறியிருக்கும். "பரவால்ல தம்பி, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்"னு சொல்லிட்டுத் தூண் ஓரமா உட்கார்ந்துட்டாங்க.

தப்பு எங்களோடதுதான். மன்னிப்புக் கேட்டுக்கிறோம்.

உபயப் பட்டியல் வாட்ஸ்அப் குரூப்பில் சுத்திக்கிட்டு இருந்துச்சு. ‘உபயம் பைனல்’, ‘உபயம் பைனல் 2’, ‘இதுதான் பைனல்’னு மூணு கோப்பு. பாட்டி பேரு மூணாவதுல இருக்கு. அச்சுக்குப் போனது ரெண்டாவது. அனுப்பின தம்பியைக் குத்தம் சொல்ல மாட்டோம். காலை வணக்கம், பிறந்தநாள் வாழ்த்து, அன்னதானக் காய்கறி லிஸ்ட் இதுக்கெல்லாம் நடுவுல எது கடைசிக் கோப்புன்னு அவர் எங்க தேடுவார்?

பகல்ல நாங்க ஃபேக்டரி சூப்பர்வைசர். அங்க புது டிராயிங் வந்துட்டா பழசு ஒரு தாள்கூட லைன்ல இருக்கக் கூடாது. இருந்தா தப்பான சாமான்தான் வெளிய வரும். சம்பள வேலையில இவ்வளவு கவனம், சாமி வேலையில இல்லையேன்னு வெக்கமா இருக்கு.

அதனால இனிமே கூகுள் டிரைவ்ல ஒரே ஃபோல்டர், அதுல உபயப் பட்டியல் ஒண்ணே ஒண்ணு. குரூப்புக்குக் கோப்பு அனுப்பாதீங்க, லிங்க் மட்டும் போதும். ஒருத்தர் திருத்தினா எல்லாருக்கும் அதே தெரியும். கை தவறி அழிச்சாலும் பழைய பதிப்பை மீட்கலாம்.

ஆனா கணக்கு யாரோடது? இங்கதான் சிக்கல். ஒருத்தரோட சொந்த ஜிமெயில்ல உருவாக்கின கோப்பு அவருக்குத்தான் சொந்தம். அவர் கோவிச்சுக்கிட்டுப் போனாலோ, காலமானாலோ நாம என்ன செய்வோம்? ரெண்டு வருஷம் தொடாத கணக்கை கூகுள் அழிக்கலாம்னு விதியே இருக்கு. ஆலயத்துக்குன்னு தனி ஜிமெயில் வேணும், பாஸ்வர்ட் தலைவர், செயலாளர், பொருளாளர் மூணு பேர்கிட்டயும் இருக்கணும். இலவசமா கிடைக்கிறது 15 ஜிபி, மெயிலும் அதுக்குள்ளதான். தேர் வீடியோவைக் கொட்டி நிரப்பிடாதீங்க.

சிலருக்கு இது பிடிக்காது. பட்டியல் தன் போன்ல இருந்தா எல்லாரும் தன்னைத்தானே கூப்பிடணும், அதுல ஒரு சந்தோஷம். நேராவே சொல்றோம், அந்தச் சந்தோஷத்துக்கு விலை கொடுத்தது அந்தப் பாட்டி.

அதுக்காக எல்லாத்தையும் எல்லாருக்கும் திறந்து விடவும் கூடாது. பக்தர்களோட போன் நம்பர், ராசி நட்சத்திரம், கட்டின தொகை இதெல்லாம் பொறுப்பில் உள்ளவங்க மட்டும் பார்க்கணும். மத்தவங்களுக்கு நாளும் குடும்பப் பேரும் போதும்.

நோட்டுப் புத்தகமே போதும்னு சொல்ற பெரியவங்களுக்கு: நோட்டும் இருக்கட்டும் ஐயா. ரசீது புத்தகத்தை நாங்க தொட மாட்டோம்.

வர்ற சனிக்கிழமை சாயங்காலப் பூசை முடிஞ்சதும் மண்டபத்துல உட்காருறோம். உபய விவரம் போன்ல வெச்சிருக்கிறவங்க தயவுசெஞ்சு வாங்க. புதுப் பட்டியல்ல முதல்ல எழுதப் போறது அந்தப் பாட்டியோட பேரைத்தான்.