முழுநேர ரசிகனுக்கு எதிராக

பெரும்பாலான விளையாட்டுகளில் எனக்குப் பெரிய அக்கறை கிடையாது. ஸ்கோர் காதில் விழுந்தால் கேட்டுக்கொள்வேன். டீக்கடையில் டி.வி. ஓடினால் டீ முடிகிறவரை பார்ப்பேன். யார் ஜெயித்தார்கள் என்று தெரியாமலே தூங்கப் போவதில் எனக்குச் சிரமம் இருந்ததில்லை. இதற்கு மூன்று நான்கு விதிவிலக்குகள் உண்டு. அவை நேர்ந்தபோது சாப்பாட்டையும் தூக்கத்தையும் மறந்திருக்கிறேன்.

இந்த நிலையை இலக்கிய நண்பர் ஒருவர் 'அரைகுறைத்தனம்' என்றார். ஈடுபட்டால் முழுக்க ஈடுபட வேண்டும், இல்லையென்றால் இதெல்லாம் ஜனங்களை மயக்கி வைக்கும் கேளிக்கை என்று ஒதுக்கிவிட வேண்டும், நடுவில் நிற்பது சௌகரியவாதம் என்பது அவருடைய தீர்ப்பு. வங்கியில் என் பக்கத்து சீட்டுக்காரரின் தீர்ப்பு வேறு வார்த்தைகளில் இருக்கும். "சார், நீங்க எந்த டீம்?" என்று கேட்பார். "எந்த டீமும் இல்லை" என்றால், வரதட்சணை வேண்டாம் என்கிற மாப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். எங்கோ கோளாறு இருக்கிறது என்ற சந்தேகம்.

ஒருவர் விளையாட்டை வெறுப்பவர், மற்றவர் அதிலேயே கிடப்பவர். ஆனால் இருவருக்கும் நம்பிக்கை ஒன்றுதான்: தீவிரம் என்பது நிரந்தரமாக இருக்க வேண்டும், விட்டு விட்டு வருவது தீவிரமே அல்ல. நான் மறுப்பது இந்த நம்பிக்கையை. பெரும்பாலும் அசிரத்தை, அபூர்வமாகப் பித்து என்பதுதான் பார்வையாளனுக்கு சாத்தியமான நேர்மையான நிலை. முழுநேர ரசிகனிடம் இருப்பது தீவிரம் அல்ல, விசுவாசம். இரண்டும் வேறு வேறு.

நான் வேலை பார்க்கிற கொடைக்கானலிலிருந்தே தொடங்கலாம். இந்த ஊரில் விளையாட்டு என்பது பிறர் கொண்டுவந்து வைத்த சாமான். மதுரைக் கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ் 1863இல் ஏரியை உருவாக்கினார். 1890இல் படகுக் குழாம் வந்தது. 1895இல் கோல்ஃப் கிளப். வெயிலுக்குத் தப்பி மலையேறிய துரைமார்களின், மிஷனரிகளின் ஓய்வுக்காக இவையெல்லாம் ஏற்பட்டன. உள்ளூர்க்காரன் வேலிக்கு வெளியே நின்று பார்த்தான், அல்லது பை தூக்கினான். இன்றைக்கும் ஏரியில் துடுப்புப் போடுகிறவருக்கு அது விளையாட்டு அல்ல. சீசனில் எத்தனை நடை கிடைத்தது, மழை எத்தனை நடையைக் கெடுத்தது என்பதுதான் அவருடைய ஸ்கோர். அவரிடம் போய் 'நீங்கள் ஏன் துடுப்புப் போட்டியின் தீவிர ரசிகர் அல்ல?' என்று கேட்பது அபத்தம். பிறருடைய ஆட்டத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று, வேலைக்கு நடுவில், பாதி கவனத்தில் பார்ப்பது இந்த மலையில் ஒரு குறையாக இருந்ததில்லை. பிழைப்பு உள்ளவன் பார்க்கும் விதம் அதுதான்.

பாதி கவனம் குறை என்று ஆனது வியாபாரம் வந்த பிறகு. தமிழ்நாடு பிரிமியர் லீக் 2016இல் தொடங்கியபோது எங்கள் ஜில்லாவுக்கும் ஒரு அணி கிடைத்தது. பெயர் திண்டுக்கல் டிராகன்ஸ். பூட்டுக்கும் பிரியாணிக்கும் பேர்போன ஊருக்கு டிராகன் எந்த வழியாக வந்து சேர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை. 2024இல் அந்த அணி கோப்பையை வென்றது. அஸ்வின் தலைவர். நல்ல விஷயம், சந்தோஷம். ஆனால் ஜில்லாக்காரன் என்ற முறையில் நான் புல்லரித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டபோதுதான் எனக்கு உறைத்தது: உணர்ச்சியை முன்கூட்டியே அச்சடித்து வினியோகிக்கிறார்கள், நாம் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

ஐ.பி.எல். 2022இல் ஒரு சீசனுக்கு 74 ஆட்டங்கள் என்று ஆனது. சுமார் இரண்டு மாதத்தில் 74 ஆட்டங்கள். ஒவ்வொன்றும் மறக்கமுடியாதது என்று அறிவிக்கப்படுகிறது. ஒரு மனுஷனுக்கு இரண்டு மாதத்தில் 74 மறக்கமுடியாத அனுபவங்கள் வருமா? வராது. வருவதாகப் பாவனை செய்ய ஆள் வேண்டும். அந்த ஆள்தான் முழுநேர ரசிகன். அவன் மஞ்சள் சட்டை வாங்குகிறான், விளம்பரத்தைத் தாண்டாமல் பார்க்கிறான், நாளை வருவான் என்று நம்பி இன்றைக்கே அவனை விற்றுவிடலாம். அரைகுறை ரசிகன் வியாபாரத்துக்கு உதவாதவன். எப்போது எழுந்து போவான் என்று தெரியாது. அவன்மேல் காட்டப்படும் எரிச்சலுக்குக் காரணம் இவ்வளவுதான். என் இலக்கிய நண்பர் வியாபாரத்தின் பரம எதிரி. இந்த ஒரு எரிச்சலை மட்டும் அதனிடமிருந்து கடன் வாங்கியிருக்கிறார்.

இனி நம் வட்டத்துக்குப் பரிச்சயமான ஓர் உதாரணம். இந்த மலையிலிருந்து இறங்கினால் அடிவாரத்தில் வத்தலக்குண்டு. சி.சு. செல்லப்பாவின் ஊர். 'எழுத்து' 1959இல் தொடங்கி 1970வரை நடத்தப்பட்டது. அதற்காக அவர் பட்ட பாட்டைச் சொல்லிச் சொல்லி நாம் அதை ஒரு சடங்காகவே ஆக்கிவிட்டோம். அதே செல்லப்பாவின் 'வாடிவாசல்' 1959இல் வந்தது. தமிழில் ஒரு விளையாட்டைப் பற்றி எழுதப்பட்டவற்றில் அதைத் தாண்டிய ஒன்றை எனக்குக் காட்டுங்கள். செல்லப்பா விளையாட்டு எழுத்தாளர் அல்ல. ஒவ்வொரு பொங்கலுக்கும் மாடுபிடியைப் பற்றிக் கட்டுரை வடித்தவர் அல்ல. விமர்சனம், சிறுகதை, கவிதை, சுதந்திரப் போராட்டம் என்று அவருடைய வாழ்நாள் அக்கறைகள் வேறு. நடுவில் இந்த ஒரு பித்து. ஒரே ஒரு குறுநாவல், சிறிய புத்தகம். என் நண்பரின் அளவுகோலால் அளந்தால் செல்லப்பாவும் அரைகுறைதான்.

அந்த நாவலுக்குள்ளேயே இந்த விவகாரம் தீர்க்கப்பட்டிருக்கிறது. தன் தகப்பனைக் கொன்ற காரி என்ற காளையை அடக்க வருகிறான் பிச்சி. வாடிவாசலுக்குப் பக்கத்தில் ஒரு கிழவன் நிற்கிறான். அவனுக்கு எல்லாக் காளையும் தெரியும், எல்லா ஆளையும் தெரியும். எதுவும் அவனுக்குச் சொந்தமில்லை. நல்ல பிடி எங்கே விழுந்தாலும் அவன் கண் மலர்கிறது. மேடையில் ஜமீன்தார் உட்கார்ந்திருக்கிறார். காரி அவருடையது. அவருடைய கௌரவம் முழுக்க அந்த மாட்டின் திமிலில் இருக்கிறது. பிச்சி அதை அடக்கியபின் ஜமீன்தார் அந்தக் காளையைச் சுட்டுக் கொன்றுவிடுகிறார். ஆட்டத்தில் தன்னை முழுக்க முதலீடு செய்தவர் கடைசியில் செய்தது இது. முழுநேர ரசிகனின் மனோபாவத்தை இதைவிடத் துல்லியமாக ஒருவர் எழுதிவிட முடியாது. ரசிகனிடம் துப்பாக்கி இல்லை என்பதுதான் வித்தியாசம்.

இல்லை என்று எப்போதும் சொல்லவும் முடியவில்லை. 1996 மார்ச்சில், கல்கத்தாவில் உலகக் கோப்பை அரையிறுதி. இலங்கையிடம் இந்தியா தோற்றுக்கொண்டிருந்தது. பார்வையாளர்கள் பாட்டில்களை வீசினார்கள், காலரியில் தீ வைத்தார்கள். ஆட்டம் நிறுத்தப்பட்டு இலங்கை ஜெயித்ததாக அறிவிக்கப்பட்டது. அவர்களுடைய விசுவாசத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. விசுவாசம்தான் எரிந்தது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் என் விதிவிலக்குகளில் முதலாவதை வைக்கிறேன். 1999 ஜனவரி 31, சேப்பாக்கம். எதிரணி பாகிஸ்தான். அந்த மாதம்தான் பாகிஸ்தான் வரக்கூடாது என்று டெல்லியில் ஆடுகளத்தைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். நான்காவது இன்னிங்ஸில் இந்தியாவுக்கு 271 வேண்டும். முதுகு வலியோடு டெண்டுல்கர் 136 எடுத்தார். அவர் ஆட்டமிழந்தபோது ஸ்கோர் 254. மீதி மூன்று விக்கெட்டுகளும் நாலே ரன்னில் விழுந்தன. 12 ரன்னில் தோல்வி. மைதானத்தில் ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு கூட்டம் எழுந்து நின்று கைதட்டத் தொடங்கியது. வாசிம் அக்ரமின் அணி அந்தக் கைதட்டலுக்கு நடுவில் மைதானத்தைச் சுற்றி ஓடிவந்தது. பள்ளிக்கூடப் பையனாக டி.வி.யில் அதைப் பார்த்தேன். தோற்றதற்கு அழுவதா, கைதட்டுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

எழுந்து நின்றவர்கள் எல்லாரும் என்னைப்போல் அரைகுறைகள் என்று சொல்ல வரவில்லை. பலர் கிரிக்கெட்டைக் கரைத்துக் குடித்தவர்கள். ஆனால் அந்த நிமிஷத்தில் தங்கள் கட்சியிலிருந்து ஓரடி விலகி நிற்க அவர்களால் முடிந்தது. அந்த ஓரடி விலகலைத்தான் நான் காப்பாற்றச் சொல்கிறேன். அது இல்லாதவனுக்கு ஆட்டம் தெரியாது, முடிவு மட்டும்தான் தெரியும்.

விளையாட்டைவிடப் பெரிய விஷயங்களிலும் இது உண்டு. 2014இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் கூடியவர்களில் வாடிவாசலை நேரில் பார்த்திராதவர்கள் ஏராளம். 'மாட்டைத் தொட்டறியாதவர்களுக்கு என்ன திடீர்ப் பாசம்?' என்று அன்று கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேலி பிடிக்கவில்லை. திடீரென்று வருவதுதான் பித்து. அதற்கு முன்பதிவு கிடையாது. சட்டம் வந்தது. 2023இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் அதை ஏற்றது. போலித்தனம் தொடங்கியது பிறகுதான். ஒவ்வொரு தைக்கும் தமிழனின் வீரத்தை நினைத்துத் தவறாமல் சிலிர்க்க வேண்டும், அதைப் படம் பிடித்துப் போட வேண்டும் என்ற எழுதாத கட்டளை. ஒரு முறை உண்மையாக வந்ததை வருஷாந்திரக் கடமை ஆக்கினால் அது திவசம் ஆகிவிடுகிறது.

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியதில் வலுவானது ஒன்று உண்டு. நண்பர் அதைச் சொல்லவில்லை, நானே சொல்கிறேன். கொடைக்கானலில் சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேலாக, மேகம் விலகிய நாளெல்லாம் சூரியனைப் படமெடுக்கிறார்கள். 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிப்புறமாக நகர்வதை இங்கேதான் கண்டுபிடித்தார். விதிவிலக்கான அந்த நாள், அலுப்பான ஆயிரம் நாட்களின் பலன் அல்லவா? தினமும் பார்க்காதவனுக்கு அபூர்வம் எப்படிப் புலப்படும்?

நியாயமான கேள்வி. என் பதில்: தினமும் பார்த்தாக வேண்டிய விஷயம் ஒவ்வொருவனுக்கும் ஒன்று வேண்டும். ஒன்றுதான் முடியும். ஆட்டக்காரனுக்கு ஆட்டம், எவர்ஷெட்டுக்குச் சூரியன். எனக்குக் கவிதை. வங்கி விட்டு வந்தபின் மிஞ்சுகிற இரண்டு மணி நேரத்தை அதற்குக் கொடுத்துவிட்டேன். அதில் நான் அரைகுறை என்று நண்பர் நிரூபித்தால் வாயை மூடிக்கொள்கிறேன். மற்றதிலெல்லாம் எனக்கு வாய்த்தது வழிப்போக்கனின் கண். அதை வைத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்காரன்போல் நடிக்க மாட்டேன்.

வழிப்போக்கனின் கண்ணுக்கும் சிலது தெரியும். 2024 டிசம்பர் 12, மாலை. நாள்கணக்கை முடித்துக்கொண்டே போனில் சிங்கப்பூர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உலகச் சதுரங்கப் பட்டத்துக்கான 14ஆவது, கடைசி ஆட்டம். டிராவில் முடியும் என்று எல்லாரும் நினைத்திருந்த நிலையில், 55ஆவது நகர்த்தலில் டிங் லிரன் தன் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். குகேஷ் அதைப் பார்த்துவிட்டது அவர் முகத்தில் தெரிந்தது. யானையும் மந்திரியும் வெட்டுப்பட்டுப் போனால் மிஞ்சுகிற சிப்பாய் ஆட்டத்தில் டிங்குக்குத் தோல்வி நிச்சயம். பதினெட்டு வயசுப் பையன் உலக சாம்பியன் ஆனான், அழுதான். நம் பையன் ஜெயித்தான் என்று பக்கத்து சீட்டில் கொண்டாட்டம். நான் டிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்பும் மனமும் சோர்ந்து, உலகம் கைவிட்ட பிறகும் பதிமூன்று ஆட்டம் முடிந்தும் சமமாக நின்ற மனிதர் ஒரு யானையை ஒரு கட்டம் மாற்றி வைத்ததில் போனார். இரண்டு பேருக்காகவும் ஒரே சமயத்தில் நெஞ்சு அடைத்தது. ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டவனுக்கு அந்த இரண்டாவது அடைப்பு கிடைத்திருக்காது.

கடைசியாக, இதை ஏன் ஒரு கவிதைப் பத்திரிகையில் எழுதுகிறேன் என்பது. விளையாட்டு ரசிகனைப் பார்த்துச் சிரிக்கிற நாம் மட்டும் என்ன செய்துகொண்டிருக்கிறோம்? நமக்கும் டீம் உண்டு. நம் கோஷ்டிக் கவிஞனின் சோப்ளாங்கிக் கவிதைக்கும் மதிப்புரையில் விசில் அடிக்கிறோம். எதிர்க்கோஷ்டிக்காரன் அசலாக ஒன்றை எழுதிவிட்டால் சேப்பாக்கத்தில்போல் எழுந்து நிற்கிறோமா? பாட்டில் தேடுகிறோம். வருஷத்துக்குப் பன்னிரண்டு தொகுப்புகள் 'தமிழ்க் கவிதையின் புதிய பரிமாணம்' ஆகின்றன. 74 ஆட்டங்களும் மறக்கமுடியாதவை என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஆளெண்ணிக்கைதான். அங்கே லட்சம், இங்கே முந்நூறு.

ஒரு வாசகன், வருகிற கவிதைகளில் பெரும்பாலானவை தன்னைத் தொடவில்லை என்று கூச்சமில்லாமல் சொல்ல முடிய வேண்டும். அப்படிச் சொல்லத் தெரிந்தவன், என்றைக்காவது ஒரு கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் விழித்திருந்தேன் என்றால், அதை நான் நம்புவேன். எல்லாவற்றுக்கும் விழித்திருக்கிறேன் என்பவனை நம்பமாட்டேன். என் நண்பர் பதில் எழுதட்டும். எழுதுமுன் ஒன்று மட்டும் செய்யவேண்டும்: கடந்த ஐந்து வருஷத்தில் எதிர்க்கோஷ்டியில் யாருக்காவது தான் எழுந்து நின்றதுண்டா என்று யோசித்து, இருந்தால் அந்தப் பெயரைப் போடட்டும்.