மூடிய பட்டறைக்குச் சம்பளம் உண்டா?

திருவொற்றியூரில் ஒரு லேத் பட்டறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். எண்ணூர்ப் பக்கம் உள்ள பெரிய தொழிற்சாலைக்கு உதிரி பாகம் கடைந்து கொடுப்பதுதான் பிழைப்பு. 2020 மார்ச் 24 இரவு பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். மறுநாள் பட்டறைக்குப் பூட்டு. புது ஆர்டர் இல்லை, பழைய பில்லுக்குப் பணம் வரவில்லை, வாடகை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. அடுத்த வாரம் சம்பள நாள். ஓனர் சம்பளம் கொடுக்க வேண்டுமா, வேண்டாமா?

பட்டறை கற்பனைதான், கேள்வி கற்பனை அல்ல. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எத்தனையோ முதலாளிகளும் அவர்களைவிடப் பல மடங்கு தொழிலாளர்களும் அந்த மாதங்களில் இதையேதான் கேட்டார்கள். துறைமுகம் அத்தியாவசியச் சேவை என்பதால் கப்பல்கள் வந்துபோயின. அதைச் சுற்றியிருந்த சின்னத் தொழில்கள்தான் நின்றுபோயின.

'கொரோனா போய் இத்தனை வருஷம் ஆச்சு, இப்போது எதற்கு இந்தப் பேச்சு?' என்று நினைக்கலாம். அந்தக் கேள்விக்கு இன்றுவரை நேரான பதில் கிடைக்கவில்லை என்பதால்தான். இன்னொரு தொற்றுநோய் வந்தால் இதே கேள்வி மறுபடி வாசலில் வந்து நிற்கும்.

அந்த 50 நாள்

2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் ஓர் உத்தரவு போட்டது. ஊரடங்கில் மூடியிருக்கும் காலத்துக்கும், எந்தப் பிடித்தமும் இல்லாமல், உரிய தேதியில் சம்பளம் கொடுக்க வேண்டும் என்றது அது. தொழிற்சாலை, கடை, வணிக நிறுவனம் என்று எல்லாருக்கும் ஒரே விதி. ஆயிரம் பேர் வேலை செய்யும் கம்பெனியும் பன்னிரண்டு பேர் பட்டறையும் ஒரே தட்டில்!

மே 17 அன்று வந்த புதிய உத்தரவு, மறுநாள் முதல் இதை விலக்கிக்கொண்டது. மார்ச் 29 முதல் மே 17 வரை எண்ணினால் சரியாக 50 நாள். அந்த 50 நாள் சம்பளம்தான் 'ஃபிகஸ் பேக்ஸ்' என்ற நிறுவனம் உள்ளிட்ட பலர் தொடுத்த வழக்காக உச்ச நீதிமன்றம் போனது.

2020 ஜூன் 12-ல் நீதிபதி அசோக் பூஷண் தலைமையிலான மூவர் அமர்வு ஓர் இடைக்கால உத்தரவு தந்தது. முதலாளிகள் மீது கட்டாய நடவடிக்கை கூடாது. இரு தரப்பும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். முடியவில்லை என்றால் தொழிலாளர் துறையின் சமரசத்துக்குப் போங்கள். வேலைக்குத் திரும்பும் தொழிலாளி, 50 நாள் சம்பளத்தைக் கேட்கும் உரிமையை இழக்கமாட்டார் என்றும் சொன்னது. 'கொடு' என்றும் சொல்லவில்லை, 'கொடுக்க வேண்டாம்' என்றும் சொல்லவில்லை.

வடசென்னைக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. அந்த மே, ஜூன் மாதங்களில் மாநகராட்சியின் மண்டலவாரிப் பட்டியலில் பெரும்பாலும் ராயபுரம்தான் முதலிடம். ஜூன் 19 முதல் சென்னையில் மறுபடி கடுமையான முழு ஊரடங்கு வந்து, ஜூலை 5 வரை நீடித்தது. அப்போது மத்திய அரசின் சம்பள உத்தரவு நடப்பில் இல்லை. முதல் ஊரடங்குக்காவது கையில் காட்ட ஒரு காகிதம் இருந்தது. இரண்டாவதற்கு அதுவும் இல்லை.

பெரியவர்களுக்குப் பாதி, சின்னவர்களுக்கு?

வேலை கொடுக்க முடியாத நாட்களுக்கு என்ன செய்வது என்று நம் சட்டத்தில் ஏற்கெனவே ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதுதான் 'லே-ஆஃப்'. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டப்படி, ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டையும் கூட்டி, அதில் பாதியை இழப்பீடாகத் தர வேண்டும்.

ஆனால் இதற்கு ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றுக்கு மட்டும்தான் இந்தப் பாதிச் சம்பள ஏற்பாடு. நம் லேத் பட்டறை அந்தக் கோட்டுக்கு வெளியே இருக்கிறது. லாரி டிரான்ஸ்போர்ட் அலுவலகமும் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகமும் அப்படியே.

'அப்பாடா, நமக்கு அந்தச் சட்டம் இல்லை, பாதியும் தர வேண்டாம்' என்று நினைத்த முதலாளிகள் உண்டு. கதை நேர்மாறானது. ஃபயர்ஸ்டோன் டயர் நிறுவனத்தின் டெல்லி அலுவலகத்தில் 30 பேர் வேலை செய்தார்கள். 1968-ல் சரக்கு வரத்து குறைந்ததால் அவர்களில் 17 பேருக்கு லே-ஆஃப் கொடுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1976-ல் வந்த தீர்ப்பின் சாரம் இதுதான்: லே-ஆஃப் கொடுக்கும் அதிகாரம் சட்டத்திலோ, நிலையாணையிலோ, வேலை ஒப்பந்தத்திலோ எழுதப்பட்டிருக்க வேண்டும். எங்கும் எழுதப்படவில்லை என்றால் முதலாளிக்கு அந்த அதிகாரமே கிடையாது. முழுச் சம்பளம் தர வேண்டும். வழக்கு தொழில் தீர்ப்பாயத்துக்குப் போனால், நிலைமையைப் பார்த்து நியாயமான தொகையை அது முடிவு செய்யலாம்.

அதாவது, கோட்டுக்கு மேலே உள்ள பெரிய தொழிற்சாலை பாதிச் சம்பளத்தோடு தப்பிக்கலாம். கோட்டுக்குக் கீழே உள்ள சின்னப் பட்டறை முழுச் சம்பளத்துக்கு மாட்டிக்கொள்ளலாம். பட்டறையைப் பூட்டியது முதலாளி அல்ல, அரசு என்று அவர் வாதாடலாம்தான். அந்த வாதத்துக்குத்தான் 2020-ல் விடை கிடைக்கவில்லை.

பெரிய இடத்திலும் ஒரு வேடிக்கை. லே-ஆஃப் இழப்பீடு வேண்டுமானால் தொழிலாளி தினமும் குறித்த நேரத்தில் வந்து ஆஜராக வேண்டும் என்கிறது சட்டம். ஊரடங்கில் அப்படிக் கிளம்பியிருந்தால் மணலி முனை தாண்டுவதற்குள் போலீஸ் திருப்பி அனுப்பியிருக்கும். தொற்றுநோயை மனதில் வைத்து எழுதிய சட்டம் அல்ல இது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. லே-ஆஃப் கொடுக்க அரசின் முன் அனுமதி வாங்க வேண்டிய எல்லை 100 பேரிலிருந்து 300 பேராக உயர்ந்திருக்கிறது. பாதிச் சம்பளத்துக்கான 50 பேர் கோடு மட்டும் அப்படியே இருக்கிறது.

காண்ட்ராக்ட் ஆள் யாருடைய ஆள்?

எண்ணூர், மணலிப் பக்கம் கேட் பாஸ் வாங்கி உள்ளே போகிறவர்களில் பலர் காண்ட்ராக்ட் தொழிலாளர்கள். கம்பெனியைக் கேட்டால் 'காண்ட்ராக்டரைக் கேள்' என்பார்கள். காண்ட்ராக்டரைக் கேட்டால் 'பில் வரவில்லை' என்பார். நடுவில் நிற்பவர் வீட்டுக்கு அரிசி வாங்க வேண்டும்.

இதில் சட்டம் தெளிவு. காண்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால், முதன்மை வேலையளிப்பவரான கம்பெனி தர வேண்டும். பிறகு காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இந்தப் பொறுப்பு புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. 2020 மே மாதம், மகாராஷ்டிராவின் துளஜா பவானி கோயிலில் காண்ட்ராக்டில் இருந்த காவலர்களும் துப்புரவுத் தொழிலாளர்களும் மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளைக்குப் போனார்கள். பயணப்படி, சாப்பாட்டுப்படி நீங்கலாக மற்ற சம்பளத்தைக் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. வழக்கமான காலத்துக்கான 'வேலை இல்லை, கூலி இல்லை' என்ற விதியை இப்படிப்பட்ட காலத்தில் அப்படியே பொருத்த முடியாது என்பதே அந்தக் கிளையின் பார்வை.

காய்ச்சலில் படுத்தவர்

தொற்று வந்தவரை 'இனி வர வேண்டாம்' என்று அனுப்பிவிடலாமா? இ.எஸ்.ஐ. பதிவு உள்ளவர் நோய்க்காலப் பணப்பலன் வாங்கும் நாட்களில் அவரை நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று 1948-ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம் சொன்னது. சந்தா நாட்கள் சரியாக இருந்தால், சம்பளத்தில் 70 சதவீதம் வீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை அந்தப் பலன் கிடைக்கும். அதைத் தருவது இ.எஸ்.ஐ. கழகம், முதலாளியின் கையிலிருந்து போவதில்லை.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. கொரோனாவில் இறந்த இ.எஸ்.ஐ. தொழிலாளர்களின் குடும்பங்களுக்கு, சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதத்தை மாத உதவியாகத் தரும் திட்டம் 2021-ல் வந்தது. நோய் உறுதியாவதற்கு மூன்று மாதத்துக்கு முன்பே பதிவு இருக்க வேண்டும். அதற்கு முந்தைய ஓராண்டில் குறைந்தது 70 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் ஆறு பேரை மட்டும் கணக்கில் காட்டி, நான்கு பேரை வெளியே வைத்த முதலாளி மாதம் சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்திருப்பார். அந்த நான்கு பேரில் ஒருவர் இறந்திருந்தால், அவர் மனைவி மக்கள் இழந்தது ஆயுளுக்குமான உதவி.

சட்டத்தைத் தளர்த்தினால் போதுமா?

குஜராத் அரசு 2020 ஏப்ரலில் வேறு வழியில் போனது. 'பொது அவசரநிலை' என்று சொல்லி, தொழிற்சாலைகளில் நாளுக்கு 12 மணி நேர வேலைக்கு அனுமதி தந்தது. ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளமும் வேண்டாம் என்றது. 2020 அக்டோபர் 1-ல் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கைகளை ரத்து செய்தது. நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து வரும் அவசரநிலை வேறு, தொற்றுநோயால் வரும் பொருளாதார நெருக்கடி வேறு என்பது தீர்ப்பு. ஓ.டி. பார்த்தவர்களுக்கு இரட்டைச் சம்பளம் தரவும் உத்தரவிட்டது. நெருக்கடியின் பாரம் முழுவதையும் தொழிலாளி தலையில் இறக்கிவைக்க முடியாது என்று இதில் தெரிந்தது.

கொள்ளைநோய்க் காலச் சம்பளத் தகராறு நம் நாட்டுக்குப் புதியதும் அல்ல. 1917-ல் அகமதாபாத்தில் பிளேக் பரவியபோது தொழிலாளர்கள் ஊரைவிட்டு ஓடாமல் இருக்க, மில் முதலாளிகள் 'பிளேக் போனஸ்' கொடுத்தார்கள். நோய் தணிந்ததும் நிறுத்தினார்கள். விலைவாசியோ இறங்கவில்லை. 1918 பிப்ரவரியில் கதவடைப்பு, பிறகு வேலைநிறுத்தம், காந்தியின் உண்ணாவிரதம் என்று போய், கடைசியில் இரு தரப்பும் ஏற்ற நடுவரிடம் வந்து நின்றது. அவர் 35 சதவீத உயர்வு என்று தீர்ப்பு சொன்னார். அந்த ஆண்டு ஏப்ரல் 27-ல்தான் நம் பெரம்பூரில், பின்னி ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது.

இப்போதே செய்ய வேண்டியவை

1918-லும் சரி, 2020-லும் சரி, விஷயம் கடைசியில் பேச்சுவார்த்தைக்குத்தான் வந்தது. நெருக்கடி வந்தபின் பேசுவதைவிட, பட்டறை ஓடிக்கொண்டிருக்கும்போதே பேசிவைப்பது இரு தரப்புக்கும் நல்லது.

* 50 பேருக்குக் கீழே உள்ள இடமானால், அரசு உத்தரவால் மூட நேர்ந்தால் எத்தனை நாளுக்கு எவ்வளவு சம்பளம் என்று எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். தனியாகப் போட்டால் அது கையெழுத்திட்ட தரப்புகளை மட்டும் கட்டும். சமரச அலுவலர் முன் போட்டால் (சங்கத்துக்காரர்கள் '12(3)' என்பார்கள்) பிறகு சேருபவர்களையும் சேர்த்துக் கட்டும். புதிய சட்டத்தில் பிரிவு எண் மாறியிருக்கிறது, ஏற்பாடு மாறவில்லை.

* வருகைப் பதிவேடும் சம்பளப் பதிவேடும் உண்மையாக இருக்கட்டும். தெரு அடைக்கப்பட்டதால் வர முடியாதவரையும், வேலை நடந்தும் வராதவரையும் தனித்தனியாகக் குறியுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

* இ.எஸ்.ஐ., பி.எஃப். பதிவில் ஒருவரையும் விடாதீர்கள். 2020 மார்ச் இறுதியில் பி.எஃப். கணக்கிலிருந்து மூன்று மாதச் சம்பளம் அல்லது இருப்பில் 75 சதவீதம், இதில் எது குறைவோ அதை எடுக்க அனுமதி வந்தபோது, கணக்கு இருந்தவர்களுக்குத்தான் அது கைகொடுத்தது.

* தொழிலாளிகளே, சம்பளச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ரொக்கமாக வாங்குபவர்கள் வங்கிக் கணக்கில் போடச் சொல்லிக் கேளுங்கள். 50 நாள் பாக்கியைக் கேட்டுப் போகிறவரிடம் முதலில் கேட்கப்படுவது, அங்கே வேலை பார்த்ததற்கு என்ன சாட்சி என்பதுதான்.